லப்பைக்குடிக்காட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்

எங்கள் உற்பத்திக் கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், எனக்கு முன்னால் பாட்டில் அடைக்கும் அக்கா பதில் சொல்லிவிடுவார். "நாங்க நாலு பேரு. அண்டாவுக்குள்ள கோடிக்கணக்குல கெடக்குறாங்க. சம்பளம் என்னமோ நாலு பேருக்குத்தான்."

அண்டா என்று அவர் சொல்வது ஃபெர்மென்டரை. ஆள் உயரத்துக்கு நிற்கும் எவர்சில்வர் கலம் அது. கரும்பாலையிலிருந்து வரும் கழிவுப்பாகான மொலாசஸையும் இன்னும் சில சத்துகளையும் தண்ணீரில் கரைத்து அதற்குள் ஊற்றி, நீராவியால் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கொஞ்சம் சூடோமோனாஸ் பாக்டீரியாவை விடுவோம். வடிகட்டிய காற்றை அடியிலிருந்து செலுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் கலம் முழுவதும் அவை நிரம்பிவிடும். அதை லிட்டர் பாட்டில்களில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுப்போம். அவர்கள் தண்ணீரில் கலந்து, நடவுக்கு முன் விதை வெங்காயத்தை அதில் முக்கி எடுப்பார்கள். மண்ணுக்குள் போன பிறகு அந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறிக்கொள்ளும். வெங்காயத்தை அடியிலிருந்து அழுக வைக்கும் பூஞ்சையை நெருங்கவிடாது.

பெரம்பலூர் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடாத ஊர் குறைவு. செட்டிகுளம் போகிற வழியில், ஒரு பழைய நெல் குடோனைத் தடுத்துக் கட்டியதுதான் எங்கள் கூடம். நான் அரியலூர்க்காரி. சொந்த ஊர் கீழப்பழுவூர். இப்போது வீடு டவுனில். பயோடெக்னாலஜி படித்துவிட்டு, கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனபோது, நான் தினமும் பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, சிமென்ட் லாரிகள் போன பிறகு வெளுத்துக் கிடக்கும் வேப்பிலைகளைப் பார்த்துக்கொண்டே அன்றைய வேலைகளை மனத்துக்குள் வரிசையாக அடுக்குவது என் வழக்கம். காற்று வடிகட்டி, பாய்லர் தண்ணீர், நேற்று கிருமி வளர வைத்த தட்டுகள், பாட்டில் மூடிகள். அடுக்கி முடித்துவிட்டால் பதற்றம் இருக்காது.

மதர் கல்ச்சர் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது தயிருக்கு ஊற்றும் உறை மாதிரி. ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் புதிதாக வளர்ப்போம். கூடத்தை நடத்தும் சார் படிக்கிற காலத்தில், செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலின் மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார். சுற்றிலும் எல்லார் வெங்காயமும் அழுகிய வருஷம், அந்த ஒரு வயல் மட்டும் பச்சையாக நின்றதாம். அந்த மண்ணிலிருந்து வந்த கல்ச்சரைக் கிளிசரினில் கலந்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் போட்டு, ஃப்ரீசரில் வைத்திருந்தோம். இன்னொரு பங்கைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்று பேச்சு இருந்தது. கூடம் தொடங்கி அதிகக் காலம் ஆகாததால் அது பேச்சாகவே இருந்தது.

ஃப்ரீசர் இருந்த இடம்தான் சிக்கல். கல்ச்சர் அறையில் இடம் போதாமல், அதைப் பொதி கட்டும் கூடத்துக்குப் போகும் நடையில் வைத்திருந்தோம். வாசலுக்குக் கிட்டே இருந்த ஒரே பிளக் பாயின்டில் அது ஓடியது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்கும் அதுதான் பெரிய நாள். பாய்லருக்குப் பட்டை, அண்டாவுக்குச் சந்தனம், மூடி முறுக்கும் மெஷினுக்கு மாலை. என் மைக்ராஸ்கோப்புக்கும் அக்கா ஒரு பொட்டு வைத்தார். கண்ணாடியில் வைத்துவிடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். பொரிகடலை வாங்கிக்கொண்டு நான் மதியமே அரியலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குச் சீரியல் செட் போடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. பிளக் பாயின்ட் ஒன்றுதான். ஃப்ரீசரைக் கழற்றிவிட்டு விளக்கை மாட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று நினைத்திருக்கிறார். கிளம்பும்போது விளக்கைக் கழற்றிச் சுருட்டி வைத்தவர், ஃப்ரீசரை மறந்துவிட்டார். விஜயதசமி, அதை ஒட்டி வார விடுமுறை. கூடம் பூட்டிக் கிடந்தது.

திறந்த அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அவர்தான். தரையில் கிடந்த வயரைப் பார்த்து, மாட்டியும் விட்டார். நான் போவதற்குள் ஃப்ரீசர் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. மேல்பரப்பில் மெல்லிய பனிகூடப் படியத் தொடங்கியிருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

என் பையை நான் ஆணியில் மாட்டுவதற்குள் வந்து நின்றார். "பாப்பா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். திட்டுறதுன்னா திட்டிரு. ஆனா மொதல்ல கேளு."

கேட்டேன். திட்டத் தோன்றவில்லை. உடனே செய்ய வேண்டியவை வரிசையாக வந்து நின்றுகொண்டன. குப்பிகளை எடுப்பது, தட்டில் இடுவது, சாருக்குச் சொல்வது. அந்த வரிசையிலேயே செய்தேன்.

சார் கேட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் எல்லோருக்கும் டீ இருந்தது. அக்காவிடம் முதலில் நீட்டினார். "குடிங்க. அப்புறமா அழுவலாம்."

"நான் எங்க சார் அழுவுறேன்? சாம்பிராணிப் பொகை கண்ணுலயே நிக்குது" என்றார் அக்கா.

மறுநாளே குப்பிகளில் இருந்தவை தட்டுகளில் வளர்ந்துவிட்டன. புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், அந்த பாக்டீரியா மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். அன்றும் ஒளிர்ந்தது. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. வழக்கமாக நாங்கள் பார்ப்பது இவ்வளவுதான். இதில் தேறினால் அண்டாவில் விட்டுவிடுவோம். சார் பெருமூச்சு விட்டு, "ஆரம்பிச்சிரலாமா?" என்றார். ஐப்பசி நடவுக்குச் செட்டிகுளம் பக்கத்து விவசாயிகள் அப்போதே கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா சொன்ன செய்தி மட்டும் இல்லாவிட்டால் நானும் ஆரம்பிக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நாள் கணக்கில் வெதுவெதுப்பில் கிடந்த குப்பி என்று தெரிந்ததால், இன்னொரு சோதனையும் பார்த்துவிடலாம் என்றேன். தட்டின் நடுவில் அழுகல் பூஞ்சையில் ஒரு துணுக்கு வைத்து, இரு பக்கமும் நம் பாக்டீரியாவைக் கோடாக இழுக்க வேண்டும். பூஞ்சை பஞ்சு போலப் பரவிக்கொண்டு வரும். கோட்டை நெருங்கும்போது நின்றுவிடும். இடையில் ஒன்றுமே வளராத வெற்று வளையம் தெரியும். அந்த வளையம்தான் எங்கள் பாட்டிலின் மொத்த மதிப்பு.

இந்த முறை பூஞ்சை நிற்கவில்லை. கோட்டின் மேலேயே ஏறிப் படர்ந்துவிட்டது. எல்லாத் தட்டிலும் அப்படித்தான்.

இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். பூஞ்சையைத் தடுக்கும் பொருளைச் செய்வது அந்த பாக்டீரியாவுக்குச் செலவு பிடிக்கிற வேலை. கூட்டத்தில் சில அந்த வேலையைக் கைவிட்டுவிடும். மிச்சமான சக்தியில் வேகமாகப் பெருகும். குப்பியில் இருந்தது உருகிக் கிடந்த நாட்களில் அவை மற்றவற்றை முந்திவிட்டிருக்க வேண்டும். செத்துப் போயிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உயிரோடு, ஒளியோடு, எண்ணிக்கையோடு இருந்தன. செய்ய வேண்டிய வேலையை மட்டும் செய்யவில்லை. அதைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்திருந்தால் நம்பிக்கையோடு வெங்காயத்தை முக்கியிருப்பார்கள். அழுகல் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

"அப்ப நான் சொன்னது நல்லதுதானா?" என்றார் அக்கா.

"வெறும் நல்லது மட்டும் இல்லக்கா. அதான் நம்மளக் காப்பாத்துச்சு."

"பிளக்கப் புடுங்குனதும் நான்தானே."

"அதுவும் நீங்கதான்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பல்கலைக்கழகத்தில் வேறு கல்ச்சர் வாங்கலாம். ஆனால் அது இந்த மண்ணில், இந்த அழுகலுக்கு எப்படி வேலை செய்யும் என்று வயலில் பார்க்கவே ஒரு சாகுபடிப் பட்டம் ஆகும். நடவு அதுவரை நிற்காது. எங்கள் கல்ச்சர் சரியான நிலையில் வேறு எங்கே இருக்கலாம் என்று யோசித்தேன். ஒரே இடம்தான் தோன்றியது. நாங்களே போன பட்டத்தில் விற்ற பாட்டில்களில் யாரிடமாவது திறக்காமல் ஒன்று மிஞ்சியிருந்தால், அதுவும் சூடு படாமல் இருந்திருந்தால்.

ஃபோன் செய்யத் தொடங்கினோம். பில் புத்தகத்தில் இருந்த எண்களை நானும் சாரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

"இருக்குதுங்க, மோட்டார் கொட்டாயில பத்திரமா இருக்கு" என்றார் ஒருவர். தகரக் கொட்டகைதானே என்று கேட்டேன். "ஆமாங்க. ஈரம் படாம, நல்லா வெயிலு வாட்டம் உள்ள எடமா பாத்து வச்சிருக்கேன்." அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வாலிகண்டபுரத்திலிருந்து ஓர் அம்மா, "எங்க வூட்டுக்காரரு பெனாயில்னு நெனச்சு மாட்டுக் கொட்டாயில ஊத்திப்புட்டாரும்மா. மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன்.

லப்பைக்குடிக்காட்டு எண்ணை நான் அழைத்தபோது மாலையாகியிருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல்.

"இருக்கே. நீங்கதானே ஃப்ரிட்ஜுல வைக்கச் சொன்னீங்க? அங்கனதான் இருக்கு."

"தெறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. ரெண்டு வாங்குனேன், ஒண்ணுதான் செலவாச்சு. இத இந்த நடவுக்குன்னு வச்சிருக்கேன்."

மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். ஃபோனில் பேசியவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர்கள் வீடுகளில் அக்காவை அழைக்கிறபடி, லாத்தா என்று கூப்பிடச் சொன்னார். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் ஆற்றுப்பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, இவர்தான் ஆள் வைத்துப் பயிர் செய்கிறார். சமையலறையில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று அலமாரி போல நின்றது. கதவைத் திறந்தார். சமோசா மடிக்கும் மாவுப் பட்டிகளுக்கும் பேரீச்சம்பழ டப்பாவுக்கும் நடுவில் எங்கள் பாட்டில். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 'குடிக்காதீங்க' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"மச்சான் லீவுல வந்தா ஃப்ரிட்ஜுல இருக்குற எதையும் விட மாட்டாரு" என்றார், கணவரைச் சொல்லி.

நான் நடந்ததைச் சொன்னேன். எனக்கு வேண்டியது சில சொட்டுகள்தான். ஆனால் காற்றிலிருந்து வேறு கிருமி விழாமல் திறக்க வேண்டும் என்பதால் பாட்டிலோடு கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனை மாதம் ஆனதில் உள்ளே எத்தனை உயிரோடு இருக்கும், அவற்றில் எத்தனைக்கு வேலை தெரியும் என்று எனக்கும் தெரியாது. ஒன்றும் தேறாமலும் போகலாம். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "எப்பத் திருப்பித் தருவீங்க?"

"சோதனை முடியணும் லாத்தா. இந்த வாரத்துக்குள்ள முடியாது."

"இந்த வாரந்தான் எனக்கு நடவு. ஆளுக்கெல்லாம் சொல்லி வச்சாச்சு."

அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் முந்தி அழுவல் வந்துச்சு. வெங்காயம் அழுவுனா அந்த வாடை எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? கைய எத்தன தடவ கழுவுனாலும் போவாது. சோறு திங்க முடியல. மச்சான்கிட்ட ஃபோன்ல நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன்." பாட்டிலில் இருந்த ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். "இத நான் வச்சுக்கிட்டா என் வெங்காயம் தேறும். நீங்க எடுத்துட்டுப் போனா?"

"தேறுனா எல்லாருக்கும் கெடைக்கும். தேறலன்னா உங்களுக்கும் இல்லாமப் போயிரும்."

"பொய் சொல்லத் தெரியாத புள்ளையா இருக்கீங்களே. எப்படி யாவாரம் பண்றீங்க?"

"யாவாரம் எங்க சார் பாப்பாரு. நான் கிருமிகளத்தான் பாக்குறேன்."

அவர் சிரித்தார். எழுந்துபோய்க் கணவருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். அனுமதி கேட்டு அல்ல, நடவைத் தள்ளிப்போடுகிறேன் என்று சொல்லி. பிறகு எங்கிருந்தோ ஐஸ்கிரீம் வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். ஐஸ் பொட்டலங்களை அடுக்கி, நடுவில் பாட்டிலை நிற்க வைத்தார்.

"வெதைய நெழல்ல பரப்பிப் போட்டு வைக்கிறேன். மொதப் பாட்டிலு எனக்கு. இன்ஷா அல்லாஹ், நல்லா வரும். இப்ப சாப்புட்டுட்டுத்தான் போறீங்க."

சாப்பிட்டேன். தேங்காய்ச் சோறும், ஆனம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பும். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கண்டக்டர், "என்னங்க, மீனா? லக்கேஜ் போடணும்" என்றார். வெங்காய மருந்து என்றேன். "வெங்காயத்துக்கு ஏங்க ஐஸு வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்னால் போய்விட்டார்.

பாட்டிலில் உயிரோடு இருந்தவை குறைவுதான். தட்டுகளில் தனித்தனியாக முளைத்த புள்ளிகள் ஒவ்வொன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பூஞ்சைக்கு எதிரில் கோடிழுத்து வைத்தேன். அறை முழுக்கத் தட்டுகள். அவற்றை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது, அலமாரிக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் என்னைவிட அதிகமாக அந்தக் கண்ணாடி முன் நின்றார். சோற்றுத் தூக்கை அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டார். இடையில் லாத்தா ஒருமுறை ஃபோன் செய்தார். அவர் பக்கம் மழை பெய்து மண் பதமாகிவிட்டது, ஆட்கள் கேட்கிறார்கள் என்றார். அவசரப்படுத்தவில்லை. தகவல் சொன்னார், அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் என்னால் எதையும் வரிசைப்படுத்த முடியவில்லை.

பூஞ்சை முதல் வரிசைத் தட்டுகளில் கோட்டின் மேல் ஏறியது. இரண்டாம் வரிசையிலும் ஏறியது. நான் குறித்துக்கொண்டே வந்தேன்.

"பாப்பா" என்றார் அக்கா, கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "இங்க வாயேன். கடைசித் தட்டுக்கு முந்துனதுல பஞ்சு நின்னுபோச்சு. இந்தா, வெளிச்சம் தெரியுது பாரு, நடுவுல."

வெற்று வளையம். பூஞ்சை இரு பக்கமும் வந்து, கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தது. அதே வரிசையில் இன்னும் இரண்டு தட்டுகளிலும் அப்படியே இருந்தது. நான் முதலில் செய்தது அவற்றின் எண்களை எழுதிக்கொண்டது. பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாம்பிராணியா?" என்றேன். "போடி" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த மூன்றையும் மறுபடி சோதித்து, குப்பிகளில் சேமித்து, பிறகு அண்டாவில் விட்டோம். வந்த முதல் பாட்டிலை நானே லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுபோனேன். நிழலில் பரப்பியிருந்த விதை வெங்காயத்தில் சில முளை நீட்டிவிட்டிருந்தன. வாளியில் கலந்து முக்கும்போது நானும் கூட உட்கார்ந்தேன். நடவு தள்ளிப்போனதில் அவருக்கு விளைச்சல் கொஞ்சம் குறைவுதான். அதை அவரே சொன்னார். ஆனால் வெங்காயம் அழுகவில்லை. செட்டிகுளத்திலும் வாலிகண்டபுரத்திலும் எங்கள் பாட்டிலை வாங்கியவர்கள், நடுவில் நடந்தது எதுவும் தெரியாமல், மற்ற வருஷங்களைப் போலவே அறுவடை செய்தார்கள்.

நடந்ததை எல்லாம் எழுதி, கடைசியில் நன்றி என்று எழுத உட்கார்ந்தால் என் கை வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண் போடப் பார்க்கிறது. யாரை முதலில் எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறேன். லாத்தா காத்திருக்காவிட்டால் கல்ச்சர் இல்லை. அக்கா அன்று காலை வாயைத் திறக்காவிட்டால், லாத்தாவைத் தேட வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. மாட்டிய பிளக்கைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும் வந்து சொன்னார். சாரும் அதற்காக ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த முறை யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது கல்ச்சரின் ஒரு பங்கு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஃப்ரீசர் கல்ச்சர் அறைக்குள் போய்விட்டது. அதற்கென்று தனி பிளக் பாயின்ட் உண்டு. ஒவ்வொரு பட்டத்திலும் ஒரு பாட்டில் லப்பைக்குடிக்காட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகிறது, பழையது திரும்பி வருகிறது. அது தேவையில்லை என்று சார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நானும் அக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற ஆயுத பூஜையில் அக்கா பாய்லருக்கும் அண்டாவுக்கும் முன்னால் அந்த பிளக்குக்குத்தான் பொட்டு வைத்தார். ஈரச் சந்தனம் வேண்டாம், காய்ந்த குங்குமம் மட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். சீரியல் செட் வெளியே, பக்கத்துக் கடையிலிருந்து இழுத்த வயரில் எரிந்தது. பொரிகடலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. லாத்தா.

"பூசை முடிஞ்சுதா?"

"முடிஞ்சது லாத்தா."

"ஃப்ரீசர் பொட்டி ஓடுதா?"

என் கையிலிருந்து ஃபோனை அக்கா வாங்கிக்கொண்டார். அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்று, காது கொடுத்துக் கேட்டார்.

"ஓடுது லாத்தா" என்றார். "உங்க வூட்டுல?"

"இங்கயும் ஓடுது."

"அப்பச் சரி" என்றார் அக்கா. அப்புறம்தான் விளக்கை அணைக்கப் போனார்.